ஓவியத்தைக் காட்டிச் சட்டம் கேட்க முடியுமா? மகளின் பள்ளி விவாதத்துக்காக ஒரு கேள்வி

ஆல்பனி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. அவள் வகுப்பில் மாதிரிச் சட்டமன்றம் நடத்தப்போகிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஆலை வர இருக்கிறது, அனுமதிக்கலாமா கூடாதா என்பதுதான் மசோதா. மகளுக்கு எதிர்த்துப் பேசும் உறுப்பினர் வேடம்.

போன விடுமுறையில் வாஷிங்டன் போயிருந்தோம். ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவியக் கூடத்தில் தாமஸ் மோரன் வரைந்த யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கு ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றாள். கிளம்பு என்றாலும் கிளம்பவில்லை. அவ்வளவு பெரிய ஓவியத்தை நானும் அதுவரை பார்த்ததில்லை. அங்கே பக்கத்தில் நின்ற ஒருவர், "இந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் காங்கிரஸ் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா ஆக்கியது" என்று சொன்னார். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஹட்சன் ஆற்றை வரைந்த ஓவியம் ஒன்றைச் சபையில் காட்டி, "யெல்லோஸ்டோனுக்குச் செய்ததை இதற்கும் செய்யுங்கள்" என்று பேசப்போகிறாளாம்.

என் கணவருக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் வேலை பார்த்த தொழிற்கூடம் மூடி எட்டு மாதம் வீட்டில் இருந்தவர். "ஓவியம் சோறு போடுமா? வேலைக்குக் காத்திருக்கிறவன் முன்னால் படத்தைத் தூக்கிக் காட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மகள் அழுதுவிட்டாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மனிதர் சொன்னது உண்மையா? சட்டம் இயற்றுகிறவர்கள் ஓவியத்தையும் உள்ளூர்த் தொழிலையும் சேர்த்துப் பேசிய வேறு சம்பவங்கள் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கல்:

அம்மா, வணக்கம். நான் உங்களுக்குத் தெற்கே, கேட்ஸ்கில் பக்கம் இருக்கிறேன். சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் அரியலூர் பக்கம். சுண்ணாம்புக்கல் அங்கிருந்து இங்கே வரை என்னை விடவில்லை. ஓவியம் பார்ப்பது எனக்குப் பின்னால் வந்த பழக்கம், ஆனால் வந்த பிறகு அதுவும் விடவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு பேர் பக்கமும் எனக்கு ஒரு கால் இருக்கிறது.

முதலில் தேதியைப் பார்த்துவிடுவோம். யெல்லோஸ்டோன் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட்டது 1872 மார்ச் 1. உங்கள் மகள் பார்த்த அந்த ஏழு அடி உயர, பன்னிரண்டு அடி அகல ஓவியம் அப்போது முடிந்திருக்கவே இல்லை. மோரன் அதை நியூயார்க்கில் மக்கள் பார்வைக்கு வைத்தது மே மாதத் தொடக்கத்தில். அதற்கு அப்புறம்தான் காங்கிரஸ் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. இந்த ஓவியத்தைப் பார்த்துச் சட்டம் வரவில்லை.

அதற்காக அந்த மனிதர் சொன்னது முழுப் பொய்யும் ஆகாது. 1871 கோடையில் ஹேடன் என்ற நிலவியலாளர் அரசுச் செலவில் யெல்லோஸ்டோனை அளக்கப் போனார். கூடப் போனவர்களில் ஒருவர் ஜாக்சன் என்ற புகைப்படக்காரர், இன்னொருவர் மோரன். மெலிந்த மனிதர், குதிரைச் சவாரி பழக்கமில்லை. சேணத்தின் மேல் தலையணை போட்டு உட்கார்ந்து மலை ஏறினார். கையடக்கமான நீர்வண்ணச் சித்திரங்கள் பல வரைந்து கொண்டுவந்தார். ஜாக்சனின் படங்களும் மோரனின் சித்திரங்களும் அந்தக் குளிர்காலத்தில் உறுப்பினர்கள் பார்வைக்குப் போயின. ஜாக்சனின் படங்கள் கறுப்பு வெள்ளை. அந்த மஞ்சள் பாறை, வெந்நீர்க் குளத்தின் ஓரத்தில் படரும் ஆரஞ்சு, நடுவில் ஆழ்ந்த நீலம், இதையெல்லாம் மோரன் சொன்னால்தான் உண்டு. நிறத்துக்கு அவர்தான் சாட்சி. இந்த ஓர் இடத்தில் மகள் தைரியமாக ஓவியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

ஆனால் சபையில் என்ன பேசினார்கள் என்று அவள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அழகைப் பற்றிப் பேசியதைவிட, இந்த நிலம் எதற்கும் உதவாது என்று பேசியதுதான் முக்கியமாக இருந்தது. செனட்டில் 1872 ஜனவரி 30 அன்று மசோதா வந்தபோது வெர்மான்ட் செனட்டர் எட்மண்ட்ஸ், அது மிக உயரத்தில் இருக்கிறது, விவசாயத்துக்கு ஆகாது என்று வாதாடினார். கலிஃபோர்னியா செனட்டர் கோல் எதிர்த்தார். வெந்நீர் ஊற்றுகளை மனிதன் கெடுக்க முடியாது, நிலம் யார் பெயரில் இருந்தாலும் அவை அங்கேயே இருக்கும், குடியேற வருகிறவர்களை ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. பிரதிநிதிகள் சபையில் மாசசூசெட்ஸ் உறுப்பினர் டாவ்ஸ், இதனால் எந்தக் குடியேறியின் உரிமையும் பாதிக்கப்படாது என்றார். நெப்ராஸ்கா உறுப்பினர் ஒருவர், அங்கே பழங்குடிகளுக்கு ஒதுக்கிய நிலம் இருக்கிறதே என்று கேட்டார். அங்கே அவர்கள் வாழவே முடியாது என்று டாவ்ஸ் பதில் சொல்லிவிட்டார். மலையாடு வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி மக்கள் அந்த மலைகளில்தான் இருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 115 பேர் ஆதரவு, 65 பேர் எதிர்ப்பு. மசோதா நிறைவேறியது.

எட்டு ஆண்டு முன்னால் யோசமிட்டி பள்ளத்தாக்குக்கும் இதே கதைதான். 1864இல் கலிஃபோர்னியா செனட்டர் கானெஸ் மசோதாவைக் கொண்டுவந்தபோது, இந்த இடம் பொதுக் காரியம் எதற்கும் பயன்படாதது, ஆனால் உலக அதிசயங்களில் ஒன்று என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. தொழில் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. மோரன் போன பயணத்துக்கு 500 டாலர் கடன் கொடுத்தவர் ஜே குக், நார்தர்ன் பசிஃபிக் ரயில்பாதைக்குப் பணம் திரட்டிய வங்கிக்காரர். வெந்நீர் ஊற்றுப் பகுதியைப் பூங்காவாக ஒதுக்கலாமே என்ற யோசனை குக்கின் அலுவலகத்திலிருந்துதான் 1871 அக்டோபரில் ஹேடனுக்குக் கடிதமாகப் போனது. அந்த யோசனை வில்லியம் கெல்லி என்ற பென்சில்வேனியா காங்கிரஸ் உறுப்பினருடையது என்று கடிதத்திலேயே இருக்கிறது. தன் மாநிலத்து இரும்பு உருக்காலைகளுக்காக இறக்குமதி வரி கேட்டு ஓயாமல் வாதாடியதால் 'இரும்புக்கட்டி கெல்லி' என்று பெயர் எடுத்தவர் அவர்! பூங்கா வந்தால் பார்க்க ஆட்கள் வருவார்கள், வருகிறவர்களுக்கு ரயில் வேண்டும், ரயிலுக்கு இரும்பு வேண்டும்.

யெல்லோஸ்டோனில் ஓவியம் எளிதாக ஜெயித்தது. எதிரே ஆலையும் இல்லை, வேலைக்குக் காத்திருந்த கூட்டமும் இல்லை. அங்கே இருந்த மனிதர்களைச் சபை மனிதர்களாகவே எண்ணவில்லை. உங்கள் மகளின் மசோதா அப்படிப்பட்டது இல்லை அம்மா. அவள் அப்பா கேட்ட கேள்வி அந்தச் சபையில் யாராலும் கேட்கப்படவே இல்லை. அவள் சபையில் கேட்கப்படும்.

ஏரிக்கரை:

நான் பஃபலோவில் இருக்கிறேன் அக்கா. எங்கள் ஊர்க் கதையை விட்டுவிட்டால் எப்படி? யெல்லோஸ்டோனைவிட உங்கள் மகளுக்கு நயாகரா அதிகம் உதவும், ஏனென்றால் அங்கே ஆலைகள் இருந்தன.

ஃபிரெடெரிக் சர்ச் 1857இல் வரைந்த 'நயாகரா' இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. விளிம்பில் காலை வைத்தால் வழுக்கிவிடும் என்பது போல, காலடியில் கரையே தெரியாமல் வரைந்திருப்பார். ஊர் ஊராகக் காட்டி, காசு கொடுத்து வரிசையில் நின்று மக்கள் பார்த்த ஓவியம் அது. ஓவியத்தில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் தண்ணீர்தான். அன்றைக்கு நிஜத்தில் அமெரிக்கக் கரை முழுக்க ஆலைகளும் கொட்டகைகளும் வேலிகளும். அருவிக்கு மேலே பாத் தீவில் ஒரு காகித ஆலை இருந்தது. அமெரிக்கப் பக்கத்தில் காசு கொடுக்காமல் அருவியைப் பார்க்க ஓர் இடம்கூட இல்லை.

சர்ச்சும் பூங்கா வடிவமைப்பாளர் ஓம்ஸ்டெடும் வேறு பலரும் சேர்ந்து மாநில அரசிடம் முறையிட்டார்கள். ஆளுநர் கார்னெல் மறுத்துவிட்டார். தண்ணீர் எப்படியும் விழத்தானே போகிறது, பார்ப்பது ஆடம்பரம், பார்க்கிறவர்கள் காசு கொடுத்தால் என்ன என்பது அவர் எண்ணம். (சுண்ணாம்புக்கல் ஐயா சொன்ன கலிஃபோர்னியா செனட்டரும் இதைத்தானே சொன்னார்?) அடுத்த ஆளுநர் கிளீவ்லாந்து 1883இல் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1885இல் பூங்கா திறந்தது. காகித ஆலையும் மற்றவையும் அகற்றப்பட்டன. சும்மா துரத்தவில்லை, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மாநிலம் சுமார் 14 லட்சம் டாலர் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய தொகை.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. தொழில் போய்விடவில்லை. 1896 நவம்பரில் நயாகரா மின்சாரம் பஃபலோவுக்கு வந்தது, தொழிற்சாலைகள் பெருகின, தண்ணீரை எடுக்க எடுக்க அருவி மெலிய ஆரம்பித்தது. 1906இல் ஒஹையோ காங்கிரஸ் உறுப்பினர் பர்ட்டன் பெயரில் வந்த சட்டம் எவ்வளவு தண்ணீர் திருப்பலாம் என்று வரம்பு கட்டியது. கடைசியில் 1950இல் கனடாவோடு ஒப்பந்தம்: சுற்றுலாக் காலத்தில் பகலில் நொடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி தண்ணீர் அருவியில் விழ வேண்டும், மற்ற நேரங்களில் 50,000 கன அடி. மிச்சம் மின்சாரத்துக்கு. எவ்வளவு அழகு வேண்டும் என்று சட்டத்தில் எண் போட்டு எழுதியிருக்கிறார்கள்! இரவில் ஊர் தூங்கும்போது நீர்மின் நிலையங்களுக்குக் கூடுதல் தண்ணீர் போகும். விளக்கு எரிவதும் அருவி விழுவதும் ஒரே ஆற்றில். மகளிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா.

ஆல்பனி அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தேதி விஷயத்தை மகளிடம் சொன்னேன், முகம் வாடிவிட்டது. ஆனால் 1,00,000 கன அடியைக் கேட்டதும் குறிப்பேட்டை எடுத்துவிட்டாள்.

சுண்ணாம்புக்கல் ஐயா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் இருக்கும் பக்கம் சிமெண்ட் ஆலை விஷயமாகப் பெரிய தகராறு நடந்தது என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் ஓவியம் சம்பந்தப்பட்டதாமே. நீங்கள் அப்போது அங்கேதானே இருந்திருப்பீர்கள்? என் கணவரும் இந்தத் திரியைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சுண்ணாம்புக்கல்:

இருந்தேன் அம்மா. தம்பியும் படிக்கிறார் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஹட்சன் பள்ளத்தாக்கில் தொழில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓவியரும் தொழிலும் ஒரே காலத்தில் வந்தவர்கள். தாமஸ் கோல் என்ற ஓவியர் (முன்னால் சொன்ன செனட்டர் கோல் வேறு ஆள்) 1825இல் முதன்முதலாக இந்த மலைகளை வரைய ஏறினார். அதே ஆண்டு, கால்வாய் வெட்டும்போது ரோசன்டேல் பக்கம் இயற்கைச் சிமெண்ட் கல் கிடைத்தது. புரூக்ளின் பாலத்துக்குள்ளே இருப்பது அந்தச் சிமெண்ட். மலையில் தோல் பதனிடும் கூடங்கள் ஹெம்லாக் மரப்பட்டையை உரித்து உரித்துக் காட்டைக் காலி செய்துகொண்டிருந்தன. ஆற்றோரம் செங்கல் சூளைகள், குளிர்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து அடுக்கும் கிடங்குகள்.

கோல் எங்கே பிறந்தவர் தெரியுமா? இங்கிலாந்தில் லங்காஷயரின் போல்டன். பஞ்சாலை ஊர். சிறுவயதில் துணிக்கு அச்சடிக்கும் கட்டை செதுக்கும் வேலை பார்த்தவர். மோரனும் அதே போல்டன்தான்! கைத்தறி நெசவாளர் மகன். எந்திரத் தறி வந்து கைத்தறிக்குப் பிழைப்பு போன காலத்தில் குடும்பத்தோடு பிலடெல்ஃபியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள். அமெரிக்க மலைகளை அமெரிக்கர்களுக்குக் காட்டிய இரண்டு பேரும் ஆலைப்புகையில் பிறந்தவர்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கிலன் என்னும் சிமெண்ட் சூளைப் பக்கத்தில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து நிலக்காட்சி ஓவியத்தைப் பார்ப்பது எனக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று எண்ணியிருந்தேன்.

கோல் கேட்ஸ்கில் ஊரில் குடியேறினார். அந்த ஊர் ஓடைப் பள்ளத்தாக்கில் 1836இல் ரயில்பாதைக்காக மரங்களை வெட்டினார்கள். கொதித்துப்போய் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் செய்ததுதான் பெரிய காரியம். வெட்டுவதற்கு முன்னால் இருந்தது போலவே அந்த இடத்தை ஓர் ஓவியமாக வரைந்தார், 'கேட்ஸ்கில் ஓடைக் காட்சி, முன் இலையுதிர்காலம்'. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1843இல் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று மறுபடி வரைந்தார். அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதலாவதில் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் படச்சட்டம் கட்டினாற்போல நிற்கும். இரண்டாவதில் அந்தச் சட்டம் போய்விட்டது. அடிமரக் கட்டைகள், வெட்டிப்போட்ட கிளைகள், கோடரியோடு ஒருவன். கண்ணைக் கொஞ்சம் தூரத்துக்கு ஓட்டினால் ஓடைப் பாலத்தின் மேல் சின்னதாக ஒரு ரயில், ஒரு கீற்றுப் புகை. கோல் அந்த ரயிலைக் கோரமாக வரையவில்லை. கோடரிக்காரனையும் அரக்கனாகக் காட்டவில்லை. மலை அப்படியே நிற்கிறது, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தனக்குக் கோபம் வந்த ஒன்றை இவ்வளவு நேர்மையாக வரைந்திருக்கிறாரே என்று எனக்கு இன்றைக்கும் மலைப்பு.

மோரன் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயோமிங்கில் கிரீன் ரிவர் என்ற ஊரில் அவர் ரயிலை விட்டு இறங்கினார். தண்டவாளமும் தங்கும் விடுதியும் வீடுகளும் இருந்த ஊர். அந்தச் செம்பாறைகளை அப்புறம் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்தார், ஊரை மட்டும் வரையவே இல்லை. எனக்கு மோரனை ரொம்பப் பிடிக்கும், இருந்தாலும் சபையில் காட்டுவதற்கு நான் கோலின் பக்கம்தான் நிற்பேன்.

இனி சிமெண்ட். கோலின் மாணவர்தான் ஏரிக்கரை சொன்ன சர்ச். ஆற்றின் கிழக்குக் கரைக் குன்றில் 'ஒலானா' என்று வீடு கட்டினார். 1964இல் அந்த வீடு ஏலத்துக்குப் போக இருந்தபோது கலை வரலாற்றாசிரியர் டேவிட் ஹன்டிங்டனும் பலரும் ஓடி ஓடி ஆதரவு திரட்டினார்கள். மாநிலச் சட்டமன்றம் வாங்கச் சம்மதித்தது. 1966 ஜூனில் ஆளுநர் ராக்கஃபெல்லர் ஒலானாவுக்கே வந்து சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டோடு சேர்ந்து அங்கிருந்து தெரியும் காட்சிக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது. 1970களின் கடைசியில் எதிர்க்கரையில் சிமெண்டன் என்ற ஊரில் அணுமின் நிலையம் கட்ட முயன்றபோது, அதன் குளிரூட்டும் கோபுரம் சர்ச் வரைந்த காட்சிக்கு நடுவே நிற்கும் என்று அணுசக்தி ஒழுங்காற்று ஆணையத்தின் அலுவலர்களே அனுமதி வேண்டாம் என்று எழுதினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1990களின் கடைசியில் வந்தது செயின்ட் லாரன்ஸ் சிமெண்ட் திட்டம். ஹட்சன் நகரத்தை ஒட்டிப் புது ஆலை, 406 அடி உயரப் புகைபோக்கி. ஆறேழு ஆண்டு இரண்டு கரையும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் 'ஆலையை நிறுத்து' என்று பலகை, அடுத்த வீட்டில் 'ஆலையை ஆதரிப்போம்' என்று பலகை. 2005 ஏப்ரலில் மாநிலச் செயலர், இது கடலோர, ஆற்றோரக் கொள்கைகளோடு பொருந்தவில்லை என்று தீர்ப்பு எழுதினார். நிறுவனம் விலகிக்கொண்டது.

நான் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கவில்லை, ஆனால் தொழில் ஒன்றுதானே. என்னோடு வேலை பார்த்த ஒரு பையனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த நேரம். புது ஆலை வந்தால் அங்கே போய்விடலாம் என்று கனவில் இருந்தான். அவனும் நானும் ஒரு மாலைக் கூட்டத்துக்குப் போனோம். எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மாள் சர்ச்சின் ஓவியம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு மடியில் வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் வெல்டர் ஒருவர், ஆலை ஆதரவுச் சட்டை போட்டவர். இடைவேளையில் அவர் குனிந்து அந்தப் படத்தையே பார்த்தார். விரலை வைத்து, "இந்த வளைவில்தான் நான் மீன் பிடிப்பேன்" என்றார். அந்த அம்மாள் படத்தை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினார். அவர் இன்னோர் இடத்தில் விரல் வைத்து, அப்பா வேலை பார்த்த சூளை இங்கே இருந்தது என்றார். இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப்போட்டுக்கொண்டு அந்தப் படத்தில் ஊரைத் தேடினார்கள். கூட்டம் மறுபடி ஆரம்பித்ததும் ஒருவர் எதிர்த்தும் ஒருவர் ஆதரித்தும் பேசினார்கள்.

நான் பேசவில்லை. பெயர் கொடுத்திருந்தால் மூன்று நிமிடம் கிடைத்திருக்கும். எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. புது ஆலை வந்தால் இந்தக் கரையில் கேட்ஸ்கில்லில் அவர்களுடைய பழைய ஆலை மூடப்படும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அப்படியானால் வேலை எத்தனை கூடும், எத்தனை இடம் மாறும்? சுண்ணாம்புக்கல் எந்த மலையிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு? சூளையில் வெந்து வரும் கட்டியான கிளிங்கர் வெளியே வரும்போது கறுத்த பச்சை நிறத்தில் இருக்கும், ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாலே நன்றாக வெந்திருக்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கலாம். என்னோடு வந்த பையனின் வேலையும் முக்கியம், அந்த அம்மாள் மடியில் வைத்திருந்த காட்சியும் முக்கியம் என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஓர் ஆள் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் மகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓவியத்தைக் கொண்டுபோகட்டும். கூடவே ஆலையில் எத்தனை பேருக்கு வேலை, அந்த வேலை இங்கே இல்லையென்றால் எங்கே, அதற்கு மாநிலம் என்ன கொடுக்கும் என்று மூன்று கேள்விக்கு விடையோடு போகட்டும். நயாகராவில் விலை கொடுத்தார்கள். தண்ணீரைப் பங்கு போட்டார்கள். விடை இல்லாமல் படத்தை மட்டும் தூக்கிக் காட்டினால் தம்பி சொன்னதுதான் சரி.

ஆல்பனி அம்மா:

ஐயா, படித்துவிட்டு இவர் எழுந்துபோய் மகள் அறைக்கதவைத் தட்டினார். மூடிய தொழிற்கூடத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், எத்தனை பேருக்கு மறுபடி வேலை கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயர் பெயராக நினைவு வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது.

மகள் கேட்கிறாள்: எந்த ஓவியத்தைக் காட்டட்டும்? கோலுடையது என்றால் எப்படிக் காட்டுவது?

சுண்ணாம்புக்கல்:

இரண்டையும் காட்டச் சொல்லுங்கள் அம்மா. 1843 ஓவியத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு அழகான மலைதான் தெரியும், என்ன போயிற்று என்று தெரியாது. இரண்டு அருங்காட்சியகங்களின் இணையதளத்திலும் நல்ல படம் கிடைக்கும். ஒரே அகலத்தில் அச்சிட்டு மேலும் கீழுமாக ஒட்டுங்கள், அப்போதுதான் மலைக்கோடு இரண்டிலும் ஒன்றுக்கொன்று நேராக வந்து, மரங்கள் காணாமல் போனது தானாகக் கண்ணில் படும். பளபளப்புத் தாள் வேண்டாம், வகுப்பு விளக்கில் மின்னி ரயில் தெரியாமல் போய்விடும். ரயில் ரொம்பச் சின்னது. அதை மட்டும் தனியாகப் பெரிதாக்கி ஓர் ஓரத்தில் வைக்கலாம்.

வாரக்கடைசியில் முடிந்தால் நேரிலும் வாருங்கள். ஆல்பனியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோல் வீட்டுக்கும் ஒலானாவுக்கும் நடுவில் ரிப் வான் விங்கிள் பாலத்தின் மேல் 2019இல் நடைபாதை திறந்தார்கள். நடுப்பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் ஆறு, வடக்கே பார்த்தாலும் ஆறு, மேற்கே கோல் வரைந்த மலை. நான் காலையில் அங்கேதான் நடப்பேன். தம்பியையும் கூட்டிவாருங்கள். அந்த வெல்டர் விரல் வைத்த வளைவை அவருக்குக் காட்டுகிறேன்.